இன்ஜின் தட்டும்போது: அழுத்தம், உலோகம், எரிபொருள்

பர்லியாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதிக்கும் ஓட்டுநருக்கு அந்தச் சத்தம் பழக்கம். இன்ஜினுக்குள்ளிருந்து கிணுகிணுவென்று வரும். பட்டறையில் அதை ‘நாக்கிங்’ என்பார்கள். ‘இன்ஜின் தட்டுது’ என்றும் சொல்வார்கள். ஆனால் அங்கே எந்த உலோகமும் எதன்மீதும் மோதுவதில்லை. சிலிண்டருக்குள் அடைபட்ட வாயு நொடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் முறை அதிர்கிறது. அந்த அதிர்வு ஹெட் வழியாகவும் பிளாக் வழியாகவும் வெளியே வந்து நம் காதில் விழுகிறது.

பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு வலுவாக ஓடலாம் என்பதற்கு எல்லை போட்டு வைத்திருப்பது இந்தச் சத்தம்தான். அந்த எல்லையைத் தள்ளிவைக்க நூறு ஆண்டுகளாக மூன்று வழிகளில் முயன்றிருக்கிறார்கள். எரிபொருளை மாற்றினார்கள், எரியறையின் வடிவத்தை மாற்றினார்கள், சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தை மாற்றினார்கள். பழைய வண்டிப் பிரியர்களிடமும் பட்டறைகளிலும் அதிகம் பேசப்படுவது மூன்றாவதுதான். ‘அலுமினிய ஹெட் போட்டால் கம்ப்ரஷனை ஒரு பாயிண்ட் ஏற்றலாம்’ என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கு. நான் படித்தவரையில், தண்ணீரால் குளிரும் இன்ஜின்களில் மூன்றிலும் மிகக் குறைவாக உதவியது உலோகம்தான். காற்றால் குளிரும் இன்ஜின்களின் கதை வேறு.

முதலில், கம்ப்ரஷனை ஏற்ற ஏன் இவ்வளவு ஆசை? பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் செய்த நான்கு வீச்சு இன்ஜினில் அது 2.5ஐ ஒட்டியிருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டியில் 4.5. இன்றைய கார்களில் 10க்கும் 14க்கும் இடையில். வெப்ப இயக்கவியலின் இலட்சியக் கணக்குப்படி, விகிதம் 4 என்றால் எரிபொருளின் வெப்பத்தில் 43 விழுக்காடு வேலையாக மாறலாம். 8 என்றால் 57. 12 என்றால் 63. 16 என்றால் 67. நடைமுறையில் கிடைப்பது இதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. என்றாலும் ஏறும் போக்கு இதேதான். நாலிலிருந்து எட்டுக்குப் போவதில் கிடைக்கும் லாபம் பெரியது. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போவதில் கிடைப்பது சொற்பம். அதனால் நாக்கிங்கோடு நடந்த உண்மையான போர் நாலுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் நடந்தது.

சத்தம் எழும் விதத்தைப் பார்ப்போம். ஸ்பார்க் பிளக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையின் ஒரு மூலையில் தீ வைக்கிறது. தீயின் முகப்பு நொடிக்கு இருபது முப்பது மீட்டர் வேகத்தில் பரவுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் அது எரியறை முழுவதும் பரவி முடிய இரண்டு மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். இதற்கிடையே, தீ இன்னும் எட்டாத கடைசி மூலையில் இருக்கும் கலவை சும்மா இருப்பதில்லை. பிஸ்டன் அழுத்தியதிலேயே அது 400 டிகிரி செல்சியஸை நெருங்கியிருக்கும். எரிந்து விரியும் வாயு பின்னாலிருந்து மேலும் நெருக்க, 600 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் பெட்ரோல் மூலக்கூறுகள் தாமாகவே உடைந்து ஆக்சிஜனோடு சேரத் தொடங்குகின்றன. தீ முகப்பு முதலில் வந்து சேர்ந்தால் எல்லாம் சுகம். அதற்குள் மூலைக் கலவை தானே பற்றிக்கொண்டால், அந்த மிச்சம் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எரிந்து தீர்ந்து அழுத்த அலை கிளம்பும். நாக்கிங் என்பது இதுதான். வெப்பத்தையோ அழுத்தத்தையோ தனியாகப் பார்த்துப் பயனில்லை. அந்தக் கடைசிக் கலவை எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதே கேள்வி. மலையேற்றத்தில் மெதுவாகச் சுற்றும் இன்ஜினை முழு ஆக்சிலரேட்டரில் வதைக்கும்போது தட்டுவது இதனால்தான். சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருக்க, காத்திருக்கும் நேரமும் நீள்கிறது. கியரை ஒன்று இறக்கினால் சத்தம் நின்றுவிடும்.

இதோடு அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படும் இன்னொன்று உண்டு: ஸ்பார்க் விழும் முன்பே, சிவக்கக் காய்ந்த பிளக் முனையோ வால்வு விளிம்போ கரித்துணுக்கோ கலவைக்குத் தீ வைத்துவிடுவது. ஒன்று மற்றொன்றைக் கூட்டிவரும் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. கழற்றிய பிஸ்டனைப் பார்த்தாலே அனுபவப்பட்ட மெக்கானிக் சொல்லிவிடுவார். விளிம்பெல்லாம் அரித்துப் பொடிப்பொடியாகக் குழி விழுந்து, ரிங் உட்காரும் வரம்பு உடைந்திருந்தால் நாக்கிங். நடுமண்டையில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் முந்திப் பற்றியது.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவரிடம் மாணவராக இருந்தவர் ஹாரி ரிக்கார்டோ. நாக்கிங் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதிக்கு அடிக்கல் ரிக்கார்டோ இட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஷெல் நிறுவனத்தின் பெட்ரோல் மாதிரிகளை அவர் சோதித்தபோது, போர்னியோவிலிருந்து வந்த ஒன்று மற்ற எதைவிடவும் தட்டாமல் நின்றது. அதில் டொலுவீன் போன்ற நறுமண ஹைட்ரோகார்பன்கள் மிகுதி. அன்று பெட்ரோலின் தரத்தை அடர்த்தியை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். கனமாக இருக்கிறது, விலைபோகாது என்று அந்தப் போர்னியோ பெட்ரோலைக் காட்டிலேயே கொளுத்திக்கொண்டிருந்தார்களாம். சந்தையின் தராசு தவறான பொருளை நிறுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிறகு ரிக்கார்டோ ஷெல்லின் ஆதரவோடு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை இன்ஜினைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எந்த விகிதம் வரை தாங்கும் என்று அளந்து அட்டவணை போட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங்கும் தாமஸ் மிட்ஜ்லியும் இதே சத்தத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். 1912 கேடிலாக் காரில் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் வந்தன. கார் தட்டியபோது பழி அவருடைய இக்னிஷன்மீது விழுந்தது. மிட்ஜ்லியின் முதல் கண்டுபிடிப்பு ஒரு வேடிக்கையான தவறில் பிறந்தது. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் வெப்பத்தை உறிஞ்சி நன்றாக ஆவியாகும் என்று நினைத்தார். சாயம் கையிருப்பில் இல்லை; அயோடினைக் கலந்தார்; தட்டுவது குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கு இதில் பங்கே இல்லை, வேதியியல்தான் காரணம் என்று தெரிந்தது. அனிலின், செலினியம், நாற்றம் தாங்காத டெலூரியம் என்று தேடித் தேடி, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயத்தில் போய் நின்றார்கள். கேலனுக்குச் சில மில்லி லிட்டர் கலந்தால் போதும். 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது.

ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரிந்த செய்தி. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சில காலம் விற்பனை நின்றது, மறுபடி தொடங்கியது. மாற்று இல்லாமல் இல்லை. ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் உயர் அழுத்த காரை 1921இல் ஓட்டிக் காட்டியவரே மிட்ஜ்லிதான். ஆனால் ஆல்கஹாலை யாரும் காய்ச்சலாம், காப்புரிமை கிடைக்காது. இந்தியாவில் ஈயம் கலக்காத பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 2000 பிப்ரவரியில். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா ஈயம் கலந்த பெட்ரோலை 2021இல் கைவிட்டது. உடல்நலக் கேட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இன்ஜின் வடிவமைப்புக்கு ஈயம் இழைத்த தீங்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எரிபொருளிலேயே சுலபத் தீர்வு கிடைத்துவிட்டதால், அமெரிக்க உற்பத்தியாளர்களுக்கு எரியறையைப் பற்றி ஆழமாக யோசிக்க வேண்டிய கட்டாயம் ஐம்பது ஆண்டுகளுக்கு இல்லாமல் போனது. 1949இல் ஓல்ட்ஸ்மொபைல் 7.25 விகிதத்தில் ராக்கெட் வி8ஐக் கொண்டுவந்தது. அறுபதுகளில் பல இன்ஜின்கள் பத்தைத் தாண்டின. எல்லாம் ஈயத்தின் தயவு. வினையூக்கி மாற்றிக்காக ஈயத்தை எடுக்க வேண்டி வந்ததும், 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விகிதத்தை எட்டரையை ஒட்டி இறக்கிவிட்டது.

ஆக்டேன் எண் என்ற அளவுகோலும் இந்தக் கதையில் பிறந்ததே. வேதியியலாளர் கிரஹாம் எட்கர் 1926இல், எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100, எடுத்ததும் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்தார். இன்றும் இதற்கென்றே உள்ள ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில், 600 சுற்றில் ஓட்டி ஒரு எண்ணும் 900 சுற்றில் ஓட்டி இன்னொரு எண்ணும் எடுக்கிறார்கள். நம் ஊர் பங்கில் 91, 95 என்று எழுதியிருப்பது முதல் வகை. அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுவார்கள். அங்கே 87 என்பதைப் பார்த்து நம் பெட்ரோல் உசத்தி என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

ரிக்கார்டோ போன வழி வேறு. மூலைக் கலவை நீண்ட நேரம் காத்திருப்பதுதான் சிக்கல் என்றால், தீ பயணிக்கும் தூரத்தைக் குறைக்கலாம், தீயை வேகப்படுத்தலாம். அக்காலத்து சைடு வால்வு இன்ஜின்களில் எரியறை பிஸ்டனுக்கு மேலேயும் பக்கத்திலேயும் தட்டையாகப் பரந்து கிடந்தது. 1919இல் அவர் அதன் ஒரு பகுதியைப் பிஸ்டன் தலைக்கு மிக நெருக்கமாக இறக்கினார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்த இடுக்கில் இருந்த கலவை பிதுக்கப்பட்டு, வால்வுப் பக்கம் சுழித்துப் பாய்ந்தது. சுழிப்பால் தீ வேகமாகப் பரவியது. இடுக்கில் மிஞ்சிய மெல்லிய படலத்தை இரு பக்கமும் உலோகம் குளிர்வித்ததால் அது தானாகப் பற்றவில்லை. புதிய எரிபொருளோ புதிய உலோகமோ இல்லாமல், இருந்த வார்ப்பிரும்பின் வடிவத்தை மாற்றியதிலேயே விகிதத்தை ஏற்ற முடிந்தது. இன்று பந்தய மெக்கானிக்குகள் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லி மீட்டரை ஒட்டி இடைவெளி வைக்கப் பாடுபடுவது இந்த நூறாண்டுப் பாடத்தைப் பின்பற்றித்தான். தட்டுகிறது என்று இரண்டு கேஸ்கட்டை அடுக்கி விகிதத்தைக் குறைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதில் அந்த இடுக்கு அகன்று சுழிப்பு செத்துவிடுகிறது. சில இன்ஜின்களில் விகிதம் குறைந்தும் தட்டல் நிற்காமல் போவது இதனால்.

வடிவத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜாகுவாரின் வி12 சாட்சி. 1971இல் ஏறக்குறைய 9 விகிதத்தில் வந்த அந்த இன்ஜினுக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மைக்கேல் மே வகுத்த எரியறையை 1981இல் பொருத்தினார்கள். விகிதம் 12.5 ஆனது. முன்னும் அலுமினிய ஹெட், பின்னும் அலுமினிய ஹெட். உலோகம் மாறவே இல்லை. மாஸ்டா தன் ஸ்கைஆக்டிவ் இன்ஜினின் விகிதத்தை 14க்கு ஏற்றியபோது, பெரும்பங்கு வேலையைச் செய்தது எரியறைகூட அல்ல, எக்ஸாஸ்ட் குழாய். முந்தைய சுற்றில் எரிந்த சூடான வாயு கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கி, புதிதாக வரும் கலவையை முன்கூட்டியே சூடேற்றுகிறது. நீண்ட குழாய்களை நாலுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று இணைத்து அந்த எச்சத்தை 8 விழுக்காட்டிலிருந்து 4க்குக் குறைத்தால், 11 விகிதத்தில் இருந்த அதே வெப்பநிலை 14 விகிதத்தில் கிடைக்கும் என்று மாஸ்டா பொறியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். மூன்று படி! அலுமினிய ஹெட்டுக்குச் சொல்லப்படும் ஒரு பாயிண்ட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி உலோகம். வார்ப்பிரும்பு மீட்டருக்கு, டிகிரிக்கு 50 வாட் அளவில் வெப்பத்தைக் கடத்தும். ஹெட் வார்க்கும் அலுமினியக் கலவைகள் 110 முதல் 160 வரை. மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு கடத்தினால் ஹெட் மூன்று மடங்கு குளிர்ச்சியாக இருக்கும் என்று மனம் தாவுகிறது. அங்கேதான் தவறு. எரிந்த வாயுவிலிருந்து குளிர்நீருக்குப் போகும் வெப்பம் வரிசையாக மூன்று தடைகளைக் கடக்க வேண்டும்: உலோகத்தை ஒட்டி நிற்கும் வாயுப் படலம், உலோகச் சுவர், நீர்ப்பக்கம். தோராயக் கணக்கில், வாயுப் படலத்தின் தடை 14 என்றால், ஒரு சென்டி மீட்டர் தடிமனுள்ள இரும்புச் சுவரின் தடை 2, நீர்ப்பக்கத் தடை 1 அல்லது 2. கம்பளிப் போர்வை போர்த்தியவனுக்கு உள்ளே பனியன் பருத்தியா பட்டா என்பது குளிரில் பெரிய வித்தியாசம் செய்யாது. இரும்பை அலுமினியமாக மாற்றினால் 2 என்பது முக்கால் ஆகும். மொத்தத்தில் குறைவது பத்து விழுக்காட்டுக்கும் கீழே. நாக்கிங் நிகழும்போது மட்டும் அழுத்த அலை அந்த வாயுப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. அதனால்தான் அப்போது உலோகம் திடீரென்று சூடேறி அரிபடுகிறது.

அப்படியானால் அலுமினியத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது சராசரியில் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்கும் பிளக்குக்கும் இடையே உள்ள குறுகிய பாலம் போன்ற இடங்களில் வெப்பம் குவியும். அலுமினியம் அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பிக் கரைத்துவிடும். முந்திப் பற்றுவதற்கு எதிராக இது நல்ல காப்பு. இரும்பு ஹெட்டின் உட்பரப்பை 400 டிகிரிக்குள்ளும் அலுமினியத்தை 300 டிகிரிக்குள்ளும் வைத்திருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் பொது வரம்பு. அலுமினிய ஹெட் குளிர்ச்சியாக இருப்பதற்கு அதன் கடத்துதிறன் ஒரு காரணம். அதற்குமேல் சூடேறினால் வலிமை போய்விடும் என்பதால் தண்ணீர் வழிகளைத் தாராளமாக விட்டு வடிவமைப்பது மற்றொரு காரணம். கம்ப்ரஷன் அதிகம் தாங்குவதற்கான பாராட்டில் பாதி அந்தத் தண்ணீர் வழிகளுக்குச் சேர வேண்டும்.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஃபோர்டின் 1932 வி8 இரும்பு ஹெட்டோடு 5.5 விகிதத்தில் 65 குதிரைத்திறன் தந்தது. 1933இல் அலுமினிய ஹெட், 6.3 விகிதம், 75 குதிரைத்திறன். அலுமினிய மோகம் பழைய கார் உலகில் வேரூன்றியதில் இதற்குப் பங்குண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் பெட்ரோலின் ஆக்டேனும் ஏறிக்கொண்டிருந்தது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஹெட்டுகள் குளிர்நீரில் அரித்து, இரும்பு ஸ்டட்டோடு இறுகிக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்ட தொல்லை தனி. நேரடி ஒப்பீடு வேண்டுமென்றால் தொண்ணூறுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் எல்டி1 வி8ஐப் பார்க்கலாம். கொர்வெட்டுக்கு அலுமினிய ஹெட், விகிதம் பத்தரைக்குக் கொஞ்சம் முன்பின். பெரிய செடான்களுக்கு இரும்பு ஹெட், விகிதம் 10. இரண்டிலும் குளிர்நீர் முதலில் ஹெட்டுக்குப் போய் அப்புறம்தான் பிளாக்குக்கு வரும். ஒரே நிறுவனம் ஒரே இன்ஜினுக்கு இரு உலோகத்திலும் ஹெட் வார்த்தபோது வித்தியாசம் அரைப் பாயிண்ட்டுக்குள் அடங்கிவிட்டது.

அலுமினியம் இன்று எங்கும் பரவியதற்கு எடையும் வார்ப்பு வசதியுமே முதல் காரணம். அதன் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதற்கு விலையும் உண்டு. சூட்டில் அது இரும்பைவிட இரு மடங்கு விரிகிறது. இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்தால் கேஸ்கட் ஒவ்வொரு சூடேற்றத்திலும் அரைபடும். ஒருமுறை தண்ணீர் வற்றி ஓடினால் ஹெட் வளைந்துவிடும். லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டி வரும். ஃபேஸிங் செய்யும்போது உலோகம் சீவப்படுவதால் எரியறை சிறுத்து, கம்ப்ரஷன் ஏறும். ‘ஹெட் வேலை பார்த்தபிறகு தட்டுகிறது’ என்று வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு விடை இந்தச் சீவலில் இருக்கிறது.

காற்றால் குளிரும் இன்ஜினில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் வழி இல்லை. எக்ஸாஸ்ட் வால்வின் பக்கத்தில் குவியும் வெப்பம் உலோகத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடந்து, துடுப்புகளின் நுனிவரை போய்க் காற்றில் கரைய வேண்டும். அந்த நடையில் உலோகத்தின் கடத்துதிறன்தான் எல்லாம். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்சனும் சாமுவேல் ஹெரானும் விமான இன்ஜின்களில் இதை முறையாக ஆராய்ந்து, இரும்பு ஹெட்டுக்கு முடிவு கட்டினார்கள். சூட்டிலும் வலிமை குறையாத ‘ஒய்’ கலவை அதே போர்க்காலத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது: அலுமினியத்தோடு 4 விழுக்காடு செம்பு, 2 விழுக்காடு நிக்கல், ஒன்றரை விழுக்காடு மக்னீசியம். ஹெரான் பின்னர் அமெரிக்கா போய், எக்ஸாஸ்ட் வால்வின் தண்டைக் குடைந்து சோடியம் நிரப்பினார். உருகிய சோடியம் வால்வு ஆடும்போதெல்லாம் மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தியது. 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த ரைட் வேர்ல்விண்ட் இன்ஜினில் இருந்தவை அந்த வால்வுகளே.

திருவொற்றியூரில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பழைய 350 புல்லட்டுக்கு வார்ப்பிரும்பு பேரல், அலுமினிய ஹெட், விகிதம் 6.5. கொள்ளளவு 346 சிசி என்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எரியறையில் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 63 சிசி. 2020இல் வந்த 349 சிசி ஜே வரிசை இன்ஜினில் விகிதம் 9.5, எரியறை 41 சிசியாகச் சுருங்கிவிட்டது. இரண்டுமே காற்றால் குளிர்பவை, இரண்டுக்கும் இரண்டே வால்வு, இரண்டுக்கும் அலுமினிய ஹெட். மூன்று படி ஏற்றம் எங்கிருந்து வந்தது? பேரலும் அலுமினியமானது, இக்னிஷன் பாயிண்ட்டும் கார்புரேட்டரும் போய்க் கணினி ஆளும் இக்னிஷனும் எரிபொருள் தெளிப்பும் வந்தன. கூடவே பங்கில் கிடைக்கும் பெட்ரோலும் தேறியது. பழைய புல்லட்டில் ஸ்பார்க்கை முன்தள்ளும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தால் டைமிங் சீக்கிரமே முந்திக்கொள்ளும், 6.5 விகிதத்திலும் தட்டும். 2023இல் வந்த 452 சிசி ஹிமாலயனில் விகிதம் 11.5. அதற்கு ராயல் என்ஃபீல்டு தண்ணீர்க் குளிர்விப்புக்கு மாற வேண்டியிருந்தது. காற்றால் குளிரும் ஹெட்டின் எல்லை ஏறக்குறைய எங்கே இருக்கிறது என்பதை அந்த முடிவே சொல்கிறது.

எரிபொருள் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்தைவிட நன்றாக அறிந்த ஊர் குறைவு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் வராமல் போனது. சில சொட்டுப் பெட்ரோலை விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிள்களும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் அப்படி ஆண்டுக்கணக்கில் ஓடின. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகத் தாழ்வு. இன்றைய 10 விகித இன்ஜினில் ஊற்றிப் பாரம் ஏற்றினால் அது வெகுகாலம் தாங்காது. ஐம்பதுகளின் அந்த பிரிட்டிஷ் இன்ஜின்கள் 7 விகிதத்தை ஒட்டியவை. தரம் குறைந்த பெட்ரோலை எதிர்பார்த்து வடிவமைத்தவை. பழசு என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தாழ்ந்த விகிதமே அந்த ஊரை ஓட வைத்தது. மெதுவான ஓட்டமும், பின்தள்ளி வைத்த டைமிங்கும், அடிக்கடி மாற்ற வேண்டியிருந்த எண்ணெயும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

விகிதம் மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை என்பதற்கு மறுபக்க உதாரணம் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். ஸ்பிட்ஃபயரை ஓட்டிய அந்த 27 லிட்டர் இன்ஜினின் விகிதம் வெறும் 6. ஆனால் சூப்பர்சார்ஜர் காற்றை முன்கூட்டியே திணிக்கிறது. 1940இல் 87 ஆக்டேனுக்குப் பதில் 100 ஆக்டேன் கிடைத்ததும், திணிப்பு அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12க்கு ஏற்றினார்கள். 1,030 குதிரைத்திறன் 1,300ஐத் தாண்டியது. இன்றைய டர்போ கார்களும் இதன் வாரிசுகளே. அவற்றுக்குப் புதுத் தொல்லை ஒன்றும் உண்டு: குறைந்த சுற்றில் அதிகப் பாரத்தில், சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் துளி முந்திப் பற்றுவது. எண்ணெயில் கால்சியச் சேர்மங்களைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டியதில் அது பெருமளவு அடங்கியது.

எழுபதுகளின் இறுதியில் ப்யூக், பிறகு சாப் போன்ற நிறுவனங்கள் பிளாக்கில் ஓர் அழுத்தமின் உணரியைப் பொருத்தி, தட்டல் கேட்டதும் ஸ்பார்க்கைத் தானாகப் பின்தள்ளச் செய்தன. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் அது இருக்கிறது. நாக்கிங்கைத் தடுப்பதில் மிக மலிவான, மிகப் பயனுள்ள கருவி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். எல்லைக்கு எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று அஞ்சி அஞ்சி வடிவமைத்த காலம் அதோடு போயிற்று. எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓட்டலாம்.

மிட்ஜ்லி கைவிட்ட ஆல்கஹால் இப்போது நம் ஊர்ப் பங்குகளுக்கு வந்துவிட்டது. 2023இல் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலவை 2025இல் நாடு முழுவதும் பொதுவானது. எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. அதனால் பங்கில் கிடைக்கும் கலவையின் எண் 91லிருந்து 95க்கு ஏறியிருக்கிறது. மைலேஜ் குறைகிறது என்ற முணுமுணுப்பும் நியாயமானதே. லிட்டருக்கு உள்ள ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைவு. ஏறிய ஆக்டேனை 6.5 விகிதப் பழைய புல்லட்டால் எந்த வகையிலும் பயன்படுத்த முடியாது. கலவை மெலிவதைச் சரிக்கட்டப் பெரிய ஜெட் போட வேண்டியதுதான் மிச்சம். உணரி உள்ள கார்கள் ஸ்பார்க்கை ஓரிரு டிகிரி முன்தள்ளிக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் விகிதத்தை ஏற்றியாக வேண்டும். ஒரு படிக்கு ஏறத்தாழ நாலு முதல் ஆறு ஆக்டேன் எண் வேண்டும் என்பது பொதுவான அனுபவம். ஐரோப்பாவின் 95க்கு 14 என்று வைத்த மாஸ்டா, அமெரிக்காவின் சாதாரண பெட்ரோலுக்கு 13 என்று இறக்கியது இதே கணக்கில்தான். 10லிருந்து 11க்கு ஏற்றினால் இலட்சியக் கணக்கில் கிடைப்பது இரண்டரை விழுக்காடு; எத்தனாலால் இழந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மிச்சத்தை, எரிபொருளை நேராக எரியறைக்குள் தெளித்து அந்த ஆவியாதல் குளிர்ச்சியை முழுவதும் கலவைக்கே கொடுப்பதில் தேட வேண்டும். அதற்கான ஹெட்டை வார்க்கும்போது தெளிப்பானையும் பிளக்கையும் வால்வுகளையும் சில சென்டி மீட்டருக்குள் அடக்கி, அவற்றுக்கிடையே தண்ணீர் வழியும் விட்டாக வேண்டும்.